ஒரு மூலம், பல செவிகள்: நேரச் சமிக்ஞை பகிர்ந்தளிக்கப்பட்ட வரலாறு

காலத்தை அளந்த கருவிகளின் வரலாறு பலராலும் எழுதப்பட்டுள்ளது. நிழற்கடிகை, நீர்க்கடிகை, ஊசற் கடிகாரம், குவாட்சுக் கடிகாரம், அணுக் கடிகாரம் என அவ்வரலாறு ஒரு படிவரிசையாகவே நமக்குப் போதிக்கப்படுகின்றது. 1656ஆம் ஆண்டில் ஹைகன்ஸ் ஊசற் கடிகாரத்தை அமைத்தமை, 1927ஆம் ஆண்டில் மரிசன் குவாட்சுப் பளிங்கின் அதிர்வைக் கொண்டு காலத்தை அளந்தமை, 1955ஆம் ஆண்டில் எசன் சீசியம் அணுவைக் கடிகாரமாக்கியமை ஆகியன அப்படிவரிசையின் முக்கிய கட்டங்களாகும். ஆயின், அளக்கப்பட்ட காலம் அளந்தவரிடமிருந்து பிறரை எவ்வாறு சென்றடைந்தது என்னும் வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. கடிகாரம் ஓரிடத்தில் இருக்கின்றது. அதனைக் கொண்டு இயங்க வேண்டியோர் பல இடங்களில் இருக்கின்றனர். இடையிலுள்ள தூரத்தைக் கடக்கும்போது நேரம் பிந்துகின்றது, கலங்குகின்றது, சில வேளைகளில் மறுக்கவும் படுகின்றது.

நல்ல நேரத்தை உண்டாக்குவதினும் அதனைப் பழுதின்றிப் பலருக்கும் ஒருங்கே சேர்ப்பிப்பதே அரிய செயல் என்பது இக்கட்டுரையின் துணிபு. சென்னை வானாய்வு நிலையம், இலங்கையின் பொது நேரம், உதகமண்டலத்து வானொலித் தொலைநோக்கி, இக்காலத்து இலத்திரனியற் சட்டகங்கள் ஆகிய நான்கும் இங்கு ஆராயப்படுகின்றன. இவை ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை போலத் தோன்றினும், அவற்றை அமைத்தோர் எதிர்நோக்கிய இடர் ஒன்றே எனலாம்.

ஒலியின் வழி வந்த நேரம்

நேரப் பகிர்வின் மிக எளிய வடிவத்தை நமது கடற்கரையிலேயே காணலாம். கரைவலை இழுப்போர் இரு கயிறுகளையும் பற்றி நிற்க, ஒருவர் அம்பாப் பாடலின் அடியை எடுத்துக் கொடுக்கின்றார். ஏனையோர் அதன் தாளத்திற்கு இழுக்கின்றனர். ஒவ்வொருவரிடமும் உள்ள வலிமை சிறிது. ஒரே கணத்தில் இழுக்கும்போதே அது வலையை அசைக்கும் வலிமையாகின்றது. பாடுபவரின் குரல் நூறு மீற்றருக்கு அப்பால் நிற்பவரை ஒரு செக்கனின் மூன்றிலொரு பங்கு பிந்தியே அடைகின்றது. எனினும் ஓர் இழுப்புக்குச் சில செக்கன்கள் செல்வதால் அப்பிந்தல் எவரையும் பாதிப்பதில்லை. பிந்தல் பெரிதா சிறிதா என்பதைத் தீர்மானிப்பது தூரம் மட்டுமன்று, செய்யப்படும் பணியுமாகும் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

பணி நுட்பமாகுமிடத்து அதே பிந்தல் பெரும் பிழையாகிவிடுகின்றது. இதனைத் தென்னாசியாவில் முதன்முதலில் முறையாக அளந்தோருள் ஒருவர் சென்னை வானாய்வு நிலையத்தின் தலைவராயிருந்த ஜோன் கோல்டிங்காம். வில்லியம் பெற்றி என்பார் 1786ஆம் ஆண்டில் தமது சொந்த முயற்சியால் நிறுவிய நோக்கிடத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுக்கொண்டு, 1792ஆம் ஆண்டில் நுங்கம்பாக்கத்தில் அதற்கெனக் கட்டடம் அமைத்தது. அங்கிருந்து கோல்டிங்காம் 1802ஆம் ஆண்டில் சென்னையின் நெட்டாங்கைக் கணித்து, சென்னை நேரம் கிரீனிச் நேரத்துக்கு 5 மணி 21 நிமிடம் 14 செக்கன் முன்னிற்பது என நிறுவினார்.

புனித ஜோர்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் நாள்தோறும் பீரங்கி சுடப்படுவது வழக்கம். 1820, 1821ஆம் ஆண்டுகளில் கோல்டிங்காம் வானாய்வு நிலையத்திலிருந்து அப்பீரங்கிகளின் சுவாலையைக் கண்ட கணத்துக்கும் ஒலியைக் கேட்ட கணத்துக்கும் இடைப்பட்ட காலத்தை அளந்து வந்தார். 1823ஆம் ஆண்டில் இலண்டன் வேத்தியற் கழகத்தின் வெளியீட்டில் அவர் வெளியிட்ட முடிவுகள் ஒலியின் வேகத்தை அறிவதற்காகத் தொகுக்கப்பட்டவையே. ஆயின் நேரப் பகிர்வின் வரலாற்றை நாடுவோருக்கு அவை வேறொரு செய்தியையும் கூறுகின்றன. ஒலி ஒரு கிலோமீற்றரைக் கடக்க ஏறக்குறைய மூன்று செக்கன் கொள்கின்றது. ஆகவே பீரங்கி ஒலியைக் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்ட ஒரு நகரத்தில், அருகில் வாழ்ந்தவரின் கடிகாரமும் தொலைவில் வாழ்ந்தவரின் கடிகாரமும் பல செக்கன்கள் வேறுபட்டே ஓடியிருக்கும். அதனினும் முக்கியமானது, அப்பிந்தல் எக்காலத்தும் ஒரே அளவினதாய் இருக்கவில்லை என்பது. வெப்பத்துக்கும் காற்றுக்கும் ஈரத்துக்கும் ஏற்ப அது மாதத்துக்கு மாதம் மாறியது. பிந்தல் நிலையானதாயின் கழித்துக்கொள்ளலாம். மாறும் பிந்தலை எவ்வாறு கழிப்பது? இவ்வினா நூற்றைம்பது ஆண்டுகளின் பின் உதகமண்டலத்தில் வேறு வடிவில் மீண்டும் எழுந்ததைப் பின்னர் காண்போம்.

தந்தியும் சென்னை நேரமும்

தந்தியின் வருகையோடு நேரம் ஒலியின் வேகத்திலிருந்து விடுபட்டது. சென்னையில் பீரங்கியே வானாய்வு நிலையத்திலிருந்து மின்சாரத்தால் இயக்கப்படலாயிற்று. பிற்பகல் 4 மணிக்கு அந்நிலையத்தின் நேரச் சமிக்ஞை இந்தியத் தந்தி நிலையங்களுக்கு அனுப்பப்படும் வழக்கமும் நிலைபெற்றது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடைப்பட்டதாய் அமைந்தமையால் சென்னை நேரமே இந்தியப் புகையிரதங்களின் பொது நேரமாயிற்று. ஒரு நகரத்தின் நேரம் ஒரு துணைக்கண்டத்தின் நேரமானது இவ்வாறேயாகும்.

இம்முறையின் நுட்பம் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். தந்தி வழியே நேரம் ஒவ்வொரு கணமும் வந்துகொண்டிருக்கவில்லை. நாளுக்கு ஒரு முறையே வந்தது. இடைப்பட்ட இருபத்து நான்கு மணித்தியாலமும் ஒவ்வொரு நிலையமும் தனது சுவர்க் கடிகாரத்தையே நம்பியிருந்தது. அக்கடிகாரம் செம்மையாக ஓடக்கூடியதாயின் நாளுக்கொரு திருத்தமே போதுமானது. செம்மையற்றதாயின் சென்னையிலிருந்து எத்துணைத் துல்லியமான சமிக்ஞை வரினும் பயனில்லை. எனவே நல்ல பகிர்வுக்கு இரண்டு கடிகாரங்கள் வேண்டும். நெடுங்காலப் பிழையைத் தவிர்க்கத் தொலைவிலுள்ள மூலக் கடிகாரமும், அவ்வப்போதைய செம்மைக்கு அருகிலுள்ள கடிகாரமும் ஒன்றையொன்று தாங்குகின்றன. இக்காலத்து இலத்திரனியற் கருவிகளும் இவ்விதிக்கு அமையவே இயங்குகின்றன.

கம்பியின் பிந்தலும் மறக்கப்படவில்லை. தந்தி வழியாக நெட்டாங்கு வேறுபாட்டை அளந்தோர் சமிக்ஞையை ஒரு திசையில் மட்டும் அனுப்பாமல் இரு திசையிலும் அனுப்பினர். செல்லும் பிந்தலும் மீளும் பிந்தலும் சமமாயின் இரண்டினதும் சராசரியில் பிந்தல் மறைந்துவிடும். மாறும் பிந்தலைக் கழிப்பது எவ்வாறு என்னும் வினாவுக்குக் கிடைத்த முதல் விடை இதுவேயாகும். 1905ஆம் ஆண்டில் ஐன்ஸ்ரைன் தொலைவிலுள்ள இரு கடிகாரங்களை ஒருங்கிசைத்தல் என்பதன் பொருளை வரையறுத்தபோதும், சென்று மீளும் சமிக்ஞையையே அடிப்படையாகக் கொண்டார்.

1906 ஜனவரி 1ஆம் திகதி கிரீனிச்சுக்கு 5 மணி 30 நிமிடம் முன்னிற்கும் இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தது. சமிக்ஞை எங்கும் சென்றது. ஆனால் எங்கும் ஏற்கப்படவில்லை. கல்கத்தா தன் நேரத்தை 1948 வரையும், பம்பாய் 1955 வரையும் கைவிடவில்லை. நேரத்தை அனுப்புவது தொழில்நுட்பத்தின் பணி. ஏற்பது சமூகத்தின் பணி. பின்னையதை முன்னையதால் ஈடுசெய்ய இயலாது என்பதற்குப் பம்பாய் சான்றாகின்றது.

இலங்கையின் நேரமும் கிழக்குக் கரையும்

இலங்கையில் 1858ஆம் ஆண்டில் கொழும்பையும் காலியையும் இணைத்துத் தந்தி தொடங்கியது. 1864ஆம் ஆண்டில் புகையிரதப் பாதை அம்பேபுசை வரை திறந்துவைக்கப்பட்டது. அக்காலத்தில் கொழும்பின் சூரிய நேரம் கிரீனிச்சுக்கு ஏறக்குறைய 5 மணி 19 நிமிடம் முன்னின்றது. 1906ஆம் ஆண்டில் இலங்கையும் 5 மணி 30 நிமிடத்தை ஏற்றபோது கொழும்பு தன் சூரியனிலிருந்து பத்து நிமிடத்துக்கு மேல் விலக நேர்ந்தது.

இங்கு நம் பிரதேசத்தோடு தொடர்புடைய உண்மையொன்று உண்டு. 5 மணி 30 நிமிடத்துக்கு அடிப்படையான 82½ பாகைக் கிழக்கு நெட்டாங்குக் கோடு இலங்கையின் நிலப்பரப்பை எங்கும் தொடுவதில்லை. அது ஒலுவிற் கரையிலிருந்து கிழக்கே ஏறக்குறைய 70 கிலோமீற்றர் தொலைவில் வங்கக் கடலின்மேற் செல்கின்றது. ஒலுவிலின் சூரிய நேரம் பொது நேரத்திலிருந்து மூன்று நிமிடத்தினும் குறைவாகவே வேறுபடுகின்றது. அதாவது, நாட்டின் பொது நேரம் கொழும்பின் சூரியனைவிட நமது சூரியனுக்கே நெருங்கியது. எனினும் அந்நேரம் நம்மை அடைந்தது கொழும்பின் வழியாகவேயாகும். புகையிரதப் பாதை மட்டக்களப்போடு நின்றுவிட்டமையால் கல்முனை, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று முதலிய ஊர்கள் புகையிரத நேரத்தைத் தம் தெருவிற் கண்டதில்லை. தந்தியும் தபாலும், பின்னர் வானொலியுமே அதனைக் கொணர்ந்தன.

வானொலி இவற்றுள் பெரும் மாற்றத்தை ஏற்படுத்தியது. பி.பி.சி. 1924 பெப்ரவரி 5ஆம் திகதி ஆறு குறுவொலிகளால் மணியை அறிவிக்கத் தொடங்கியது. மறு ஆண்டு டிசம்பரிலே கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கிற்று. கொழும்பிலிருந்து ஒலுவில் நேர்கோட்டில் ஏறக்குறைய 225 கிலோமீற்றர். அத்தூரத்தை ஒலி கடப்பதாயின் 11 நிமிடம் செல்லும். வானொலி அலையோ ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு பங்கினும் குறைவான காலத்திற் கடந்துவிடுகின்றது. செய்தி தொடங்கும் வேளையில் ஒலித்த மணிக்கு வீட்டுக் கடிகாரத்தைத் திருத்துவது பல குடும்பங்களின் வழக்கமாயிற்று. இன்று செய்மதி வழியாகவும் இணையத்தின் வழியாகவும் வரும் ஒலிபரப்புகள் குறியாக்கத்தின் பொருட்டுச் சில செக்கன்கள் தாமதிப்பதால், பழைய வானொலிப் பெட்டி தந்த செம்மையை அவை தருவதில்லை. பொறி புதிதாயின் நேரமும் செம்மையாகும் என்று கருதுதல் பொருந்தாது.

ஒரே சமிக்ஞையை எங்கும் சேர்ப்பது எப்பொழுதும் விரும்பத்தக்கதா என்னும் வினாவும் உண்டு. கொழும்புக்கும் ஒலுவிலுக்கும் நெட்டாங்கில் இரண்டு பாகை வேறுபாடு உள்ளது. அதனால் நண்பகல் இங்கு எட்டு நிமிடம் முந்துகின்றது. தொழுகை நேரங்களும் நோன்பு துறக்கும் நேரமும் சூரியனைப் பொறுத்தவை. கொழும்பில் ஒலிக்கும் மஃரிப் அதானுக்கு இங்குள்ளவர் காத்திருத்தல் தேவையன்று. இங்குள்ள நேரத்திற்குக் கொழும்பிலுள்ளவர் நோன்பு துறத்தல் கூடாது. இதனாலேயே தொழுகை நேர அட்டவணைகள் பிரதேசங்களுக்கேற்பப் பிரித்து வெளியிடப்படுகின்றன. பொது நேரம் ஒன்றாயிருக்க, அதனின்று ஒவ்வோர் ஊருக்கும் உரிய வேறுபாட்டைக் கணித்தறிவது நம் சமூகத்தின் நாளாந்த வழக்கமாகும். மூலமும் வேண்டும், இடத்துக்குரிய திருத்தமும் வேண்டும் என்னும் இவ்விரட்டை நிலையைப் பொறியியலாளர் தம் மொழியிற் கூறுவதைப் பின்னர் காணலாம்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942ஆம் ஆண்டிலேயே இலங்கையின் கடிகாரங்கள் இரு தடவையாக ஒரு மணித்தியாலம் முன் நகர்த்தப்பட்டு, 1945 ஒக்டோபரில் மீட்கப்பட்டன. 1996ஆம் ஆண்டில் மின்சார நெருக்கடியின் காரணமாக மே 25ஆம் திகதி நேரம் ஒரு மணித்தியாலம் முற்படுத்தப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபர் 26ஆம் திகதி அதில் அரை மணித்தியாலம் குறைக்கப்பட்டது. அந்நிலை 2006 ஏப்ரல் 15 வரை நீடித்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளிற் பழைய நேரமே கைக்கொள்ளப்பட்டது. ஆகவே ஏறத்தாழப் பத்தாண்டு காலம் ஒரே தீவில், ஒரே நெட்டாங்கில், இரண்டு நேரங்கள் நிலவின. ஒரு சோதனைச் சாவடியைக் கடப்பவர் தம் கடிகாரத்தையும் அரை மணித்தியாலம் கடக்க வேண்டியிருந்தது. சமிக்ஞை பழுதடையவில்லை, அதனைப் பெறுவோர் பிரிந்து நின்றனர். இன்று இலங்கையின் நியம நேரத்தை அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களம் பேணி வருகின்றது.

உதகமண்டலத்து மலைச்சரிவில்

இனி, நேரம் மனிதருக்கன்றிக் கருவிகளுக்குப் பகிரப்பட்ட வரலாற்றுக்கு வருவோம். தமிழ்நாட்டில் உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில் 1970ஆம் ஆண்டில் ஒரு வானொலித் தொலைநோக்கி நிறைவு பெற்றது. தாத்தா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த கோவிந்த் சொரூப் தலைமையில் இந்தியப் பொறியியலாளரே அதனை வடிவமைத்துக் கட்டினர். 530 மீற்றர் நீளமும் 30 மீற்றர் அகலமுங் கொண்ட அத்தொலைநோக்கி ஏறத்தாழ 11 பாகை சாய்ந்த மலைச்சரிவில் வடக்குத் தெற்காகக் கிடக்கின்றது. அவ்விடத்தின் அகலாங்கும் ஏறக்குறைய 11 பாகையே. ஆதலால் அதன் அச்சு பூமியின் அச்சுக்குச் சமாந்தரமாகின்றது. ஓர் அச்சைச் சுற்றித் திருப்பினாலே வானத்துப் பொருளொன்றைப் பல மணித்தியாலம் தொடர்ந்து நோக்க முடிகின்றது.

அத்தொலைநோக்கியின் குவியக் கோட்டில் 1056 சிற்றுணரிகள் வரிசையாக நிற்கின்றன. அவை 48 உணரிகள் கொண்ட 22 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. வானத்திலிருந்து வரும் 326.5 மெகாஹேட்ஸ் அலையை ஒவ்வொரு தொகுதியும் 30 மெகாஹேட்ஸ் ஆகத் தாழ்த்திக் கட்டுப்பாட்டறைக்கு அனுப்புகின்றது. தாழ்த்துவதற்கு 296.5 மெகாஹேட்ஸ் அலையொன்று தேவை. இரண்டினதும் வேறுபாடே 30. ஒரே மூலத்திற் பிறக்கும் அந்த அலையே 22 தொகுதிகளுக்கும் பகிர்ந்தளிக்கப்படுகின்றது. கரைவலையில் அம்பாவின் இடம் எதுவோ, உதகமண்டலத்தில் அவ்வலையின் இடம் அது.

ஆயின் இங்கு பணி எத்துணை நுட்பமானது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவ்வலை ஒரு முறை ஏறியிறங்குவதற்கு ஏறக்குறைய 3.4 நானோசெக்கன் கொள்கின்றது. நானோசெக்கனாவது செக்கனின் நூறுகோடியில் ஒரு பங்கு. வடத்திற் செல்லும் அலை அதற்குள் ஏறத்தாழ 67 சென்ரிமீற்றரே நகரும். இரு தொகுதிகளுக்குச் செல்லும் வடங்கள் அதில் அரைப்பங்கு நீளத்தால், அதாவது ஒரு முழத்தினும் குறைவாக, வேறுபட்டிருந்தால் ஒன்று ஏறுமிடத்து மற்றொன்று இறங்கும். அலை தன் ஏற்றவிறக்கத்தில் எவ்விடத்தில் நிற்கின்றது என்பதையே அவத்தை என்பர். அவத்தை மாறுபட்ட இரு தொகுதிகளின் சமிக்ஞைகளைக் கூட்டினால் அவை ஒன்றையொன்று அழித்துவிடும். 530 மீற்றர் நீளத் தொலைநோக்கி, தன் பாதியை மறுபாதியாலேயே இழந்துவிடும்.

இதனைத் தவிர்க்க இரண்டு வழிகளே உண்டு. ஒன்று, எல்லாத் தொகுதிகளுக்கும் ஒரே நீளமுள்ள வடத்தை அளித்தல். நடுவிலுள்ள மூலத்துக்கு மிக அருகிலுள்ள தொகுதிக்கும், 265 மீற்றருக்கு அப்பாலுள்ள கடைசித் தொகுதிக்குச் செல்லும் அளவு வடம் கொடுக்கப்படும். எஞ்சியது சுருட்டி வைக்கப்படும். மற்றையது, வேறுபாட்டை அளந்து ஒவ்வொன்றுக்கும் உரிய ஈட்டைச் செய்தல். முதல் வழியில் உள்ள நியாயம் சிந்தனைக்குரியது. எல்லோருக்கும் ஒருங்கே நேரம் கிடைத்தல் வேண்டுமாயின், அருகில் இருப்பவர் தொலைவில் இருப்பவர் பொருட்டுக் காத்திருத்தல் வேண்டும்.

கோல்டிங்காம் கண்ட பருவகால வேறுபாடு இங்கும் தோன்றுகின்றது. வெயிலில் வடம் வெப்பமடையும்போதும் இரவில் குளிரும்போதும் அலை அதனைக் கடக்கும் காலம் சிறிது மாறுகின்றது. ஒரே நீளமுள்ள வடங்கள் ஒரே வெப்பநிலையில் இருந்தால் அம்மாற்றம் எல்லாவற்றுக்கும் பொதுவாகித் தீங்கு செய்யாது. ஒன்று வெயிலிலும் மற்றொன்று நிழலிலும் கிடப்பின் பொதுமை குலையும். புனே மாவட்டத்தில் சொரூப் தலைமையில் 1990களில் அமைந்த இராட்சத மீற்றரலைத் தொலைநோக்கியில் 45 மீற்றர் விட்டமுள்ள 30 கிண்ணங்கள் ஏறக்குறைய 25 கிலோமீற்றர்ப் பரப்பில் நிற்கின்றன. அவற்றுக்கு அடிப்படை அலைகள் ஒளியியல் நார்களின் வழியே செல்கின்றன. இத்தகைய தூரங்களில் சமநீள வடம் என்னும் வழி அடைபட்டுவிடுகின்றது. சென்று மீளும் காலத்தை அளந்து திருத்துதலாகிய பழைய தந்தியாளரின் வழியே எஞ்சுகின்றது. 2008ஆம் ஆண்டில் ஐரோப்பாவின் சேர்ன் ஆய்வுக்கூடத்தில் தொடங்கப்பட்ட 'வெள்ளை முயல்' என்னும் திட்டமும் இவ்வழியையே பின்பற்றிப் பல கிலோமீற்றர் நாரின் ஊடே ஒரு நானோசெக்கனுக்கும் குறைந்த பிழையோடு நேரத்தைப் பகிர்கின்றது.

சட்டகத்தின் உள்ளே

உதகமண்டலத்தின் மலைச்சரிவு ஒரு மேசைப் பெட்டிக்குள் அடங்குமாயின் அதுவே இக்காலத்துத் தொகுதிமுறை இலத்திரனியற் கருவியாகும். தேவைக்கேற்ப அட்டைகளைச் செருகியும் கழற்றியும் கருவியை அமைக்கும் முறை 1960களில் அணு ஆய்வுக்கூடங்களில் தோன்றியது. அக்காலத்து 'கமக்' என்னும் நியமம் பல நாட்டு ஆய்வுக்கூடங்களின் அட்டைகளை ஒரே சட்டகத்திற் பொருந்தச் செய்தது. 1987ஆம் ஆண்டின் வீ.எக்ஸ்.ஐ., 1997ஆம் ஆண்டின் பீ.எக்ஸ்.ஐ. ஆகிய நியமங்கள் அதனினும் ஒருபடி சென்று, சட்டகத்தின் பின்பலகையிலேயே 10 மெகாஹேட்ஸ் கடிகாரச் சமிக்ஞை ஒவ்வொரு செருகிடத்துக்கும் பகிர்ந்தளிக்கப்படவேண்டும் என விதித்தன. பீ.எக்ஸ்.ஐ. சட்டகத்தில் எந்த இரு செருகிடங்களுக்கும் இடையிலான பிந்தல் வேறுபாடு ஒரு நானோசெக்கனுக்குட்பட்டிருத்தல் வேண்டும்.

பகிரும் முறையில் இரு மரபுகள் உண்டு. ஓர் அட்டை தனக்கு வந்த சமிக்ஞையை அடுத்த அட்டைக்குக் கையளிப்பது சங்கிலி முறை. கம்பி குறைவு, செலவு குறைவு. ஆயின் கையளிக்கும் ஒவ்வொருவரும் சிறிது பிந்தலையும் சிறிது இரைச்சலையும் சேர்த்து விடுகின்றனர். சங்கிலியின் கடைசியில் இருப்பவருக்கே அவை அனைத்தும் வந்து சேருகின்றன. நடுவிலுள்ள ஒரு மூலத்திலிருந்து ஒவ்வோர் அட்டைக்கும் தனித்தனியே சம நீளத் தடம் இடுவது விண்மீன் முறை. செலவு கூடினும் முதலிடம், கடையிடம் என்னும் வேற்றுமை அதில் இல்லை. கணினியின் தாய்ப்பலகையை உற்று நோக்குவோர், சில செப்புத் தடங்கள் நேரே செல்லாமல் பாம்புபோல் வளைந்து செல்வதைக் காண்பர். அது அழகுக்காகச் செய்யப்பட்டதன்று. அருகிலுள்ள சில்லைத் தொலைவிலுள்ள சில்லோடு சமப்படுத்தும் பொருட்டு நீட்டப்பட்ட நீளமே அது. அங்கு 15 சென்ரிமீற்றர் தடம் ஏறக்குறைய ஒரு நானோசெக்கனாகும்.

பிந்தலையடுத்து இரைச்சல் பற்றியும் கூறுதல் வேண்டும். கடிகாரச் சமிக்ஞை ஒரு குறித்த அளவைக் கடக்கும் கணத்தையே கருவி 'இப்பொழுது' என்று கொள்கின்றது. களப்பின் கரையில் ஊன்றிய கம்பொன்றில் நீர்மட்டம் மெல்ல உயர்வதாகக் கொள்வோம். நீரில் சிற்றலைகள் இருப்பின் அது கம்பின் குறியைத் தொட்ட கணம் எதுவெனத் துணிதல் அரிது; பலமுறை தொட்டும் விட்டும் செல்லும். நீர் சடுதியாக உயருமாயின் அதே சிற்றலைகள் அத்துணைக் குழப்பத்தைச் செய்யமாட்டா. இரைச்சலும் இவ்வாறானதே. ஆதலாற் கடிகாரச் சமிக்ஞையின் ஏற்றம் செங்குத்தாயிருத்தல் வேண்டும். பாதையும் வேற்று மின்னோட்டங்களிலிருந்து காக்கப்படல் வேண்டும். ஒன்றுக்கொன்று எதிரான இரு கம்பிகளில் சமிக்ஞையை அனுப்பி, அவற்றின் வேறுபாட்டை மட்டும் கொள்வது ஒரு காப்பு. வெளியிலிருந்து புகும் இரைச்சல் இரு கம்பிகளையும் ஒரே அளவிற் பாதிப்பதால் வேறுபாட்டில் அது மறைந்துவிடுகின்றது.

இவ்வளவு செய்தும் சிறிது நடுக்கம் எஞ்சும். அப்பொழுது பொறியியலாளர் ஒவ்வோர் அட்டையிலும் நல்ல பளிங்கு அலையாக்கி ஒன்றை வைத்து, வந்த சமிக்ஞையோடு அதனை மெல்ல மெல்ல இசைவிக்கின்றனர். வந்த சமிக்ஞையின் நெடுங்காலப் போக்கைப் பளிங்கு பின்பற்றும். அதன் கணநேர நடுக்கங்களைப் பின்பற்றாது. நாளுக்கொரு முறை சென்னைச் சமிக்ஞையைக் கேட்டுத் திருத்தப்பட்டு, எஞ்சிய நேரமெல்லாம் தன் ஊசலை நம்பி ஓடிய புகையிரத நிலையக் கடிகாரம் செய்ததும் இதுவே. மூலத்தை மறவாமையும் மூலத்தின் ஒவ்வோர் அசைவுக்கும் ஆடாமையும் ஒருங்கே வேண்டப்படுகின்றன.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, நேரத்தின் தரம் அதன் மூலத்தால் மட்டும் அமைவதன்று. அது வந்த பாதையாலும் அமைவதாகும். இரண்டாவது, பெறுபவரிடம் சொந்தமாக ஒரு நல்ல கடிகாரம் இல்லாதவிடத்துச் சிறந்த சமிக்ஞையும் பயன்படுவதில்லை. மூன்றாவது, எல்லோருக்கும் ஒருங்கே கிடைப்பது தானாக நிகழ்வதன்று. அதற்கென நீளம் அளந்து, செலவு செய்து, அருகிலுள்ளதைக் காத்திருக்கச் செய்து அமைக்க வேண்டியதாகும்.

வரலாற்று மாணவர்க்கு இவற்றுள் மூன்றாவதே மிக முக்கியமானது. சங்கிலி முறையிற் கடைசியில் இருப்பவருக்கு நேரம் மட்டுமன்றி நூலும், செய்தியும், பதவியும், நீதியும் பிந்தியே வருவதை நமது கரையோர ஊர்கள் நன்கறியும். தலைநகரிலிருந்து மாவட்டத்துக்கும், மாவட்டத்திலிருந்து பிரதேசத்துக்கும், அங்கிருந்து ஊருக்கும் கையளிக்கப்படும் எதுவும் ஒவ்வொரு கையிலும் சிறிது இரைச்சலைச் சேர்த்துக்கொண்டே வருகின்றது. கருவிகளை அமைப்போர் இக்குறையை இயற்கையென ஏற்று அமையவில்லை. கடைசித் தொகுதியின் தூரத்தை முதலில் அளந்து, ஏனையவற்றின் வடத்தை அதற்கேற்ப வெட்டினர். நிருவாகத்தை ஆராய்வோர் பொறியியலாளரிடமிருந்து கற்கத்தக்க பாடம் இதுவாகும்.

பொறியியலாளரும் வரலாற்றிலிருந்து கற்கத்தக்கது ஒன்றுண்டு. பம்பாய் ஐம்பதாண்டு காலம் மறுத்த நேரமும், இலங்கை பத்தாண்டு காலம் இரண்டாக வைத்திருந்த நேரமும், கம்பியின் குறையால் விளைந்தவை அல்ல. அட்டைக்குச் சம்மதம் கேட்க வேண்டியதில்லை. மனிதருக்குக் கேட்க வேண்டும். ஒலுவில் வளாகத்தில் கலை கலாசார பீடமும் பொறியியற் பீடமும் ஒரே வேலிக்குள் இருக்கின்றன. கோல்டிங்காமின் பீரங்கி அளவீட்டையும் பின்பலகையின் வளைந்த தடத்தையும் ஒரே வினாவின் இரு விடைகளாகக் கற்கும் பாடமொன்று இரு பீடத்தாராலும் இணைந்து தமிழில் அமைக்கப்படுதல் வேண்டும். அதற்கான கலைச்சொற்களும் சான்றுகளும் நம்மிடம் உள்ளன, தொடங்குவதே எஞ்சியுள்ளது.